இசைத் திருட்டும் அதை ஒடுக்கக் கையாண்ட வழிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பாடல்களையும் படங்களையும் அனுமதியின்றிப் பரப்புவோரிடம் இரக்கம் காட்டக் கூடாது என்றும், அமெரிக்க இசை நிறுவனங்கள் தனிமனிதர்கள் மீதே வழக்குப் போட்டு அச்சத்தை உண்டாக்கியதைப் போல இங்கும் செய்தால்தான் வழிக்கு வருவார்கள் என்றும் தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்று அண்மையில் வலியுறுத்தியிருந்தது. அனுமதியில்லாமல் ஒருவரின் படைப்பைப் படியெடுத்து ஊருக்கே விநியோகிப்பது தவறு என்பதில் கட்டுரையாளருடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர் முன்மாதிரியாகக் காட்டும் அந்த அமெரிக்க நடவடிக்கை உண்மையில் எப்படி நடந்தது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அதை ஒருவர் பரிந்துரைக்க முடியுமா என்பதே என் கேள்வி.

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் ஒருங்கிணைப்பில் பெரிய இசை நிறுவனங்கள் 261 தனிமனிதர்கள் மீது ஒரே நாளில் வழக்குத் தொடுத்தன. காஸா போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருள்களைப் பயன்படுத்திய சாதாரண இணையப் பயனாளிகளே எதிர்மனுதாரர்கள். அவர்களில் ஒருவர் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வசித்த 12 வயதுச் சிறுமி. அந்த மென்பொருளுக்குக் கட்டணம் செலுத்தியிருந்ததால் எல்லாம் முறையாகவே நடக்கிறது என்று நம்பியிருந்ததாக அக்குடும்பம் கூறியது. சிறுமியின் தாய் 2,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார். அச்சிறுமி வருத்தம் தெரிவித்த வாசகங்களைச் சங்கமே செய்திக் குறிப்பாக வெளியிட்டது. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் மன்னிப்பை விளம்பரமாக்கும் எண்ணம் ஒரு நிறுவனத்துக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொடக்கத்தில் ஆட்களைக் கண்டுபிடித்த விதமே கவனிக்கத்தக்கது. இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை வைத்துக்கொண்டு அதன் சந்தாதாரர் யார் என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்க, 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை இசை நிறுவனங்கள் பயன்படுத்தின. அதன்படி நீதிபதி எதையும் பரிசீலிக்க வேண்டியதில்லை. நீதிமன்ற எழுத்தரின் முத்திரை இருந்தாலே போதும், பெயரும் முகவரியும் கைக்கு வந்துவிடும். வெரிசான் என்ற இணையச் சேவை நிறுவனம் இதை எதிர்த்துப் போராடியது. அந்தப் பிரிவு இத்தகைய பயன்பாட்டுக்கு உரியதன்று என்று 2003 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வழி மாறியது. பெயர் தெரியாதவர்களை 'ஜான் டோ' என்று குறிப்பிட்டு, 532 பேர் மீது வழக்குப் போட்டு, அந்த வழக்குகளின் வழியாகவே பெயர்களைப் பெற்றுக்கொண்டார்கள். இவ்வாறு 2008 இறுதிவரை ஏறத்தாழ 35,000 பேர் இந்த வலைக்குள் வந்தனர். அவர்களில் நீதிமன்றத்தில் முழு விசாரணைவரை சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மற்றவர்கள் ஏன் செல்லவில்லை என்பதில்தான் இந்த நடவடிக்கையின் அறக்கேடு அடங்கியிருக்கிறது. வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனங்கள் பொதுவாகக் கேட்ட தொகை மூவாயிரம் முதல் ஐயாயிரம் டாலர் வரை. தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பும் ஒருவர் வழக்கறிஞரை அமர்த்தி, கணினியை ஆய்வு செய்யும் வல்லுநரைத் தேடி, மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடத் துணிந்தால், அதைப்போல் பல மடங்கு செலவாகும். எனவே, குற்றம் செய்தவரும் செய்யாதவரும் ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்க்க முடிந்தது. இருவருக்கும் ஒரே விடைதான் கிடைத்தது. 2007 பிப்ரவரியிலிருந்து பல்கலைக்கழகங்கள் வழியாக மாணவர்களுக்கு 'வழக்குக்கு முந்தைய கடிதம்' அனுப்பும் முறை வந்தது. கடிதம் பெற்ற மாணவர், வழக்கு என்ற ஒன்று பதிவாவதற்கு முன்பே, ஓர் இணையதளத்துக்குச் சென்று கடன் அட்டையால் தொகையைச் செலுத்தி விடுபடலாம். அங்கே நீதிபதி இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. நீதிமன்றம் இருக்கிறது என்ற அச்சம் மட்டுமே அங்கே விற்பனைப் பொருள்.

சட்டம் கொடுத்த உரிமையைத்தானே பயன்படுத்தினார்கள் என்று கேட்கலாம். உரிமை இருப்பது வேறு, வழக்குச் செலவையே ஆயுதமாக்குவது வேறு. ஓர் ஐ.பி. முகவரி இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, விசைப்பலகையின் முன் யார் அமர்ந்திருந்தார் என்பதைச் சொல்லாது. இது நிறுவனங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டதன் விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் ராப் பாடல்களைக் காஸா வழியே பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அவரிடம் இருந்ததோ அந்த மென்பொருள் இயங்கவே இயங்காத மேக்கின்டாஷ் கணினி. மேற்கு வர்ஜீனியாவில் 83 வயதில் காலமான ஒரு மூதாட்டியின் மீது, அவர் இறந்த பிறகு வழக்கு வந்தது. இவ்விரு வழக்குகளும் திரும்பப் பெறப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் 2006இல் மிச்சிகனில் எதிர்மனுதாரர் ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, அவருடைய பிள்ளைகளிடம் வாக்குமூலம் வாங்குவதற்கு முன் குடும்பம் துக்கம் அனுசரிக்க 60 நாள் அவகாசம் தரலாம் என்று நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் மனுச் செய்ததை என்னவென்று சொல்வது? செய்தி பரவி ஊரே முகம் சுளித்த பிறகுதான் அந்த வழக்கு கைவிடப்பட்டது. ஓக்லஹோமாவில் ஒரு தாய் பணிந்து போகாமல் எதிர்த்து நின்றார். தன் பெயரில் இணைய இணைப்பு இருந்தது என்பதைத் தவிர அவர் செய்த தவறு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. நிறுவனங்கள் வழக்கிலிருந்து பின்வாங்கின. அவருடைய வழக்கறிஞர் கட்டணமாக ஏறக்குறைய 68,000 டாலரை நிறுவனங்களே செலுத்த வேண்டும் என்று 2007இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் தொகையே எனக்குச் சான்றாகப் படுகிறது: குற்றமற்றவர் என்று நிலைநாட்ட 68,000 டாலர், குற்றவாளியைப் போல ஒதுங்கிப் போக நான்காயிரம் டாலர்.

விசாரணைவரை சென்றவர்களுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி 24 பாடல்களுக்காக விசாரிக்கப்பட்டார். 2007இல் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு, விதித்த இழப்பீடு 2,22,000 டாலர். நீதிபதி தாம் ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கத்தில் பிழை இருந்ததென்று மறுவிசாரணைக்கு ஆணையிட, 2009இல் இரண்டாவது ஜூரி அதை 19,20,000 டாலராக்கியது. அதாவது பாடலுக்கு 80,000 டாலர். அந்தத் தொகையைக் கொடூரமானது, அதிர்ச்சியூட்டுவது என்று வர்ணித்த நீதிபதி 54,000ஆகக் குறைத்தார். நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. 2010இல் மூன்றாவது ஜூரி 15 லட்சம் டாலர் என்றது. நீதிபதி மீண்டும் 54,000 என்றார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000ஐயே உறுதி செய்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்த 24 பாடல்களையும் அன்றைய இணையக் கடையில் பாடலுக்கு 99 சென்ட் வீதம் வாங்கியிருந்தால் 24 டாலருக்குள் முடிந்திருக்கும்.

அந்தப் பெண்மணியை நான் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. தாம் பகிரவில்லை என்ற அவருடைய வாதத்தை ஜூரி நம்பவில்லை. நம்பாததற்குக் காரணங்களும் இருந்தன. பகிர்வது என்பது ஒரு பிரதியை எடுத்துக்கொள்வதோடு முடிவதில்லை, அது முகம் தெரியாத பலருக்கும் போய்ச் சேர்கிறது என்ற நிறுவனங்களின் வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் ஒரு படைப்புக்குக் குறைந்தது 750 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 டாலர்வரை என்று விரியும் அந்தச் சட்டப் பிரிவு, இழப்பு எவ்வளவு என்று மெய்ப்பிக்க வேண்டிய கடமையையே வாதியிடமிருந்து எடுத்துவிடுகிறது. லட்சக்கணக்கில் போலித் தட்டுகளை அச்சடித்து விற்பவனுக்கும், வீட்டில் இருந்தபடி காசு எதுவும் சம்பாதிக்காமல் பகிர்ந்தவருக்கும் ஒரே அளவுகோல். 30 பாடல்களுக்காகப் பாஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர்மீது 6,75,000 டாலர் விதிக்கப்பட்டதும் இதே பிரிவின்கீழ்தான். அதை நீதிபதி பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. இந்தத் தொகைகளை அந்த இருவரிடமிருந்தும் வசூலிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தொகை அவர்களுக்காக விதிக்கப்பட்டதன்று. செய்தியைப் படிக்கும் மற்றவர்களுக்காக விதிக்கப்பட்டது. பலரை அச்சுறுத்துவதற்காக ஒருவர்மீது அவர் செய்ததற்குப் பொருந்தாத தண்டனையைச் சுமத்தலாமா என்ற கேள்விக்குக் கட்டுரையாளர் 'ஆம்' என்று விடை தருகிறார். நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன்.

காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் விற்ற இசைத்தட்டுகள் சிலவற்றைக் கணினியில் போட்டால், படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னை நிறுவிக்கொண்டு, இயங்குதளத்தின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அதைக் கண்டறிந்து வெளியிட்டார். குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும் என்பதால், வைரஸ் எழுதுவோரும் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். அதை நீக்க நிறுவனம் அளித்த நிரலோ கணினியில் இன்னொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. இப்படி ஒளிந்து இயங்கும் மென்பொருளுக்கு ரூட்கிட் என்று பெயர். ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் வானொலிப் பேட்டியில் கேட்டார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்பனையான பிறகே அவை திரும்பப் பெறப்பட்டன. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பதிப்புரிமையைக் காக்க எழுதப்பட்ட அந்த மென்பொருளுக்குள், பிறர் எழுதிப் பொது உரிமத்தில் வெளியிட்ட லேம் என்னும் நிரலின் பகுதிகள் உரிமத்தின் நிபந்தனைகளை மதிக்காமல் சேர்க்கப்பட்டிருந்ததை நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இசை நிறுவனங்கள் பகிர்வு வலைப்பின்னல்களில் பொய்க் கோப்புகளைப் பரப்பி, பாடல் தேடுபவர்களை ஏமாற்றிய உத்தியை நான் பெரிதாகக் கண்டிக்க மாட்டேன். அதனால் எவருடைய சொத்தும் கெடவில்லை. ஆனால் பகிர்வு வலைப்பின்னல்களைப் பதிப்புரிமை உடையவர்களே முடக்கலாம் என்று அனுமதிக்கும் மசோதா 2002இல் அமெரிக்கக் காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டு செனட்டர் ஆரின் ஹாட்ச், எச்சரித்தும் கேட்காதவர்களின் கணினியைத் தொலைவிலிருந்தே அழித்துவிடலாம் என்றும்கூட விசாரணைக் கூட்டத்தில் பேசினார். மசோதா நிறைவேறவில்லை. அப்படி ஒரு பேச்சு சட்டமன்ற உறுப்பினர்களின் வாயிலிருந்தே வரும் அளவுக்குக் காற்று அந்தப் பக்கம் வீசியது என்பதற்காகவே சொல்கிறேன்.

இவை அத்தனையும் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்டன என்பது நிறுவனங்களின் வாதம். கட்டுரையாளரும் 'வயிற்றில் அடிக்கப்படும் கலைஞன்' என்று எழுதியிருக்கிறார். கலைஞன் வயிற்றில் அடிபட்டது உண்மை. அடித்த கைகள் எல்லாம் திருட்டுக் கைகள்தானா என்பதில்தான் ஐயம். 1999இல், தொடர்பே இல்லாத ஒரு செயற்கைக்கோள் ஒளிபரப்புச் சட்டத்துக்குள், ஒலிப்பதிவுகளைக் 'கூலிக்குச் செய்த பணி' என்று வகைப்படுத்தும் சில சொற்கள் ஓசையில்லாமல் சேர்க்கப்பட்டன. பாடகர்கள் 35 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பதிவுகளின் உரிமையைத் திரும்பக் கோரும் வாய்ப்பை அது பறித்திருக்கும். அதைச் சேர்த்த காங்கிரஸ் அலுவலர் சில மாதங்களிலேயே அதே ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தில் பொறுப்பான பதவியில் அமர்ந்தார். கலைஞர்கள் கொதித்தெழுந்ததால் 2000இல் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. தட்டுகளின் விலை குறையாமல் பார்த்துக்கொள்ளக் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தியதாக எழுந்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே பெரிய நிறுவனங்களும் சில விற்பனை நிறுவனங்களும் 2002இல் 6.74 கோடி டாலர் ரொக்கமும் 55 லட்சம் தட்டுகளும் தந்து மாநில அரசுகளுடன் சமரசம் செய்துகொண்டன. மறு ஆண்டு அதே வாடிக்கையாளர்கள் மீது வழக்குகள் வந்தன. அந்த வாடிக்கையாளர்களில் யாருக்கும் ஜூரியின் முன் நின்று தவறை ஒப்புக்கொள்ளாமலேயே பேரம் பேசும் வலிமை இருந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. திரைப்படத்துக்காக எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளரிடம் உரிமையை இழந்துவிடுகிறார்கள் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது அவர்களுக்கு உரிய பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆகும்வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் நம் ஊர்த் தெருக்களில் ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பாடல் பட்டியலை எழுதிக் கொடுத்தால் காலிக் கேசட்டில் பதிந்து தருவார்கள். என் வயதுக்காரர்கள் பலரின் இசை ரசனை அங்கேதான் வளர்ந்தது. சட்டப்படி அதுவும் படியெடுத்தல்தான். ஆனால் அந்தக் கேசட்டால் பாடலாசிரியர் இழந்தது எவ்வளவு, ஒப்பந்தத்தின் ஒரு வரியால் அவர் இழந்தது எவ்வளவு என்று எவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

'இங்கும் செய்ய வேண்டும்' என்கிறார் கட்டுரையாளர். பெருமளவு செய்தாகிவிட்டது. 2012இல் '3' திரைப்படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'ஜான் டோ' பாணியில் பெயர் தெரியாதோருக்கு எதிரான தடையாணை பெற்றார்கள். இணையச் சேவை நிறுவனங்கள் அதைக் காரணம் காட்டி, குறிப்பிட்ட பக்கங்களை விட்டுவிட்டு விமியோ போன்ற தளங்களையே முழுமையாக முடக்கின. தங்கள் சொந்தக் காணொளிகளை அங்கே வைத்திருந்தவர்களும் சேர்ந்து தண்டிக்கப்பட்டார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அவ்வாண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்த நேர்ந்தது. அந்தப் படத்தின் ஒரு பாடல் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு யூடியூபில் இலவசமாக வெளியிடப்பட்டு, ஒருவருக்கொருவர் அனுப்பியனுப்பியே உலகம் முழுவதும் பரவியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

வழக்குகள்தான் கோப்புப் பகிர்வு சட்டவிரோதம் என்பதை மக்களுக்கு உணர்த்தின என்ற சங்கத்தின் வாதத்தை நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. அதில் ஓரளவு உண்மை இருக்கும். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் பகிர்வு ஓயவில்லை, 2008 டிசம்பரில் சங்கமே இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. நியாயமான விலையில், எளிதாக, நினைத்த மாத்திரத்தில் கேட்கக்கூடிய சேவைகள் பரவிய பிறகுதான் கேட்பவர்கள் பணம் கொடுக்க வந்தார்கள், தொழிலின் வருவாயும் மீண்டது. அந்தக் கதவைத் தொடக்கத்திலேயே திறந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் கேட்பதற்கு நிறுவனங்களுக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பணத்துக்காகப் படங்களையும் பாடல்களையும் தொழிலாகவே திருடி விற்கும் கூட்டங்கள் மீது வழக்குத் தொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் வைத்திருக்கிறது. அது போதாதென்று, தமிழ்நாட்டில் 2004இல் திருட்டு வி.சி.டி. ஒழிப்பு என்ற பெயரில் குண்டர் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டு, திரைப்படத்தையோ அதன் ஒலிப்பதிவையோ பதிப்புரிமைக்கு மாறாகப் படியெடுப்பவரை விசாரணை இல்லாமலேயே 12 மாதங்கள்வரை சிறையில் வைக்க வழி செய்யப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள்கூடக் கேட்கத் துணியாத அதிகாரம் அது. கடுமை போதவில்லை என்று எழுதிய கட்டுரையாளர், மணல் கடத்துபவரையும் பாடல் படியெடுப்பவரையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கும் அந்தச் சட்டத்தை அறிந்துதான் எழுதினாரா என்பதையும், அதற்கு மேலும் எதைக் கேட்கிறார் என்பதையும் தங்கள் நாளிதழிலேயே விளக்கினால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி